இரண்டு கிரெய்ன் கூடுதல்

வில்லோ கேப், மொன்டானா
9 செப்டம்பர் 1959

உர்கிடி தராசுப் பட்டறையாருக்கு,

நீங்கள் அனுப்பிய தராசு வந்து சேர்ந்தது. அதைத் தராசு என்று சொல்வதற்கே எனக்குப் பெரிய மனசு வேண்டியிருக்கிறது. பெட்டிக்குள் நீங்கள் திணித்திருந்த வைக்கோலில் பாதி, தராசின் தண்டு உட்காரும் கத்திமுனையில் சிக்கிக்கிடந்தது. அதைப் பொறுக்கி எடுக்க என் மனைவி வெர்லாவின் புருவம் பிடுங்கும் இடுக்கியைக் கடன் கேட்டேன். அதற்கு நான் வாங்கிய பேச்சு தனி. மூடியின் கீல் ஒரு பக்கம் ஆடுகிறது. செய்முறைத் தாளில் ஒன்பது எழுத்துப் பிழைகள். சிவப்பு மையில் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே 'ஐடஹோவின் பெருமை' என்று வேறு அச்சடித்திருக்கிறீர்கள். ஐடஹோ உருளைக்கிழங்கோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்று. வெறும் தட்டை வைத்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினால், நீங்கள் கூடவே அனுப்பிய ஐம்பது கிரெய்ன் எடைக்கல் ஐம்பத்திரண்டு காட்டுகிறது. கல்லை வைத்து முள்ளை ஐம்பதில் நிறுத்தினால், கல்லை எடுத்தபின் வெறும் தட்டு பூஜ்யத்துக்கு வர மறுக்கிறது. தராசு, கல் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று தெரிவிக்கவும்.

என் துப்பாக்கி பழையது. அதற்கான தோட்டா கடையில் வருவது நின்று பத்து வருடம் ஆகிறது. சுட்ட பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்து, அடியில் தீப்பொறி தரும் கேப்பு மாற்றி, வெடிமருந்தைக் கிரெய்ன் கணக்கில் நிறுத்து நிரப்பி, குண்டு செருகி, நானேதான் தோட்டா தயாரிக்கிறேன். அக்டோபர் 18 வேட்டை திறக்கிறது. ஓர் எல்க் மான் விழுந்தால்தான் எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுக்க இறைச்சி. ஆகவே சீக்கிரம்.

ஆர்விட் ஸ்டாங்லண்ட்


சேஜ் ஃபெர்ரி, ஐடஹோ
16 செப்டம்பர் 1959

திரு. ஸ்டாங்லண்ட் அவர்களுக்கு,

எழுத்துப் பிழைகளைத் திருத்தியதற்கு நன்றி. வைக்கோலுக்கு வருந்துகிறோம். கீலுக்குப் புது ஆணி இத்துடன் இருக்கிறது.

தராசு விஷயம். மேசை மட்டமாக இருக்க வேண்டும். பக்கத்தில் மின்விசிறியோ திறந்த ஜன்னலோ எரியும் அடுப்போ கூடாது. எடைக்கல்லை வெறும் விரலால் தொட்டால் விரலின் எண்ணெய் அதில் ஒட்டும். செய்முறைத் தாள், உங்கள் திருத்தங்களோடு படித்தாலும் இல்லாமல் படித்தாலும், ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: கல்லை வைத்துத்தான் தராசைச் சரிசெய்ய வேண்டும். வெறும் தட்டை நம்பக் கூடாது.

என் தம்பி அன்டோன் பித்தளைக் கம்பியைக் கடைந்து கற்கள் செய்து தருகிறான். ஒன்பது வருடமாக ஒவ்வொரு கல்லையும் நானே நிறுத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

கிராசியானா உர்கிடி


வில்லோ கேப்
21 செப்டம்பர் 1959

உர்கிடி அம்மையாருக்கு,

மேசையை ரசமட்டம் வைத்து மட்டப்படுத்தினேன். ஜன்னலை மூடினேன். அடுப்பை அணைத்தேன். "உன் தராசு மூச்சு விடணும்னு நாங்க குளிர்ல சாகணுமா?" என்றாள் வெர்லா. கல்லை இடுக்கியால்தான் தூக்கினேன், அதாவது அதே இடுக்கி. கல் அசையவில்லை. அதே ஐம்பத்திரண்டு.

சரி, கல்லையே ஒதுக்கிவைப்போம் என்று, வாங்கி வைத்திருந்த குண்டுகளை எடுத்தேன். ஒரு பெட்டியில் நூற்றைம்பது கிரெய்ன் என்று போட்டிருக்கிறது. உங்கள் கல் சொன்னபடி தராசை வைத்தால் அந்தக் குண்டு நூற்றுநாற்பத்தெட்டு. வேறொரு கம்பெனியின் நூற்றெண்பது கிரெய்ன் குண்டு நூற்றெழுபத்தெட்டு. பத்துக்குப் பத்தும் அப்படித்தான். வெறும் தட்டை வைத்துச் சரிசெய்தாலோ, இரண்டு பெட்டியும் மேலே எழுதியிருப்பதையே காட்டுகின்றன. அந்த இரண்டு கம்பெனிக்காரர்களும் எங்கோ கூடிப் பேசி, உங்களை அவமானப்படுத்துவதற்காகவே ஆளுக்கு இரண்டு கிரெய்ன் திருடினார்களா?

அம்மா, இது கீல் விவகாரம் இல்லை. குறைத்துக் காட்டுகிற தராசை நம்பினால் நான் மருந்தைக் கூட்டிப் போடுவேன். கூடினால் துப்பாக்கியின் பின்பக்கம் திறந்துகொள்ளும். சுடும்போது என் முகம் இருப்பது அந்தப் பக்கம்.

ஆர்விட் ஸ்டாங்லண்ட்


சேஜ் ஃபெர்ரி
28 செப்டம்பர் 1959

திரு. ஸ்டாங்லண்ட் அவர்களுக்கு,

மற்ற கம்பெனிகளின் குண்டு எடைக்கு நாங்கள் பொறுப்பில்லை. எங்களுக்கு மாதம் இருபது கடிதங்கள் வருகின்றன. தராசை ஓடும் வண்டியில் வைத்து நிறுத்துவிட்டுச் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. இந்த வருடத் தராசைப் பற்றி உங்களைத் தவிர ஒருவரும் குறை சொல்லவில்லை.

திருப்தி இல்லையென்றால் தராசையும் கல்லையும் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். பார்க்கிறோம்.

கி. உர்கிடி


வில்லோ கேப்
6 அக்டோபர் 1959

உர்கிடி அம்மையாருக்கு,

அனுப்பிவிட்டேன். கடிதம் பார்சலுக்குள்ளேயே இருக்கிறது. அனுப்பும் முன் என்ன செய்தேன் என்பதையும் கேளுங்கள்.

எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் பீஸ்லியிடம் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு இருக்கிறது. அரசாங்க ஆள் வருடத்துக்கு ஒருமுறை வந்து முத்திரை வைத்துவிட்டுப் போவார். கல்லை அவர் முன்னால் வைத்தேன்.

"இதுக்கு டாக்டர் சீட்டு இருக்கா ஆர்விட்?" என்றார்.

"நோயாளியே இதுதான். பாத்துச் சொல்லுங்க."

நிறுத்தார். எடுத்துத் துடைத்து மறுபடியும் நிறுத்தார். அப்புறம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஐம்பத்திரண்டு. ரெண்டு கிரெய்ன்னா ஒரு ஆஸ்பிரின் மாத்திரையில பாதிகூட இல்ல. ஆனா நான் இந்த அளவு தப்பினேன்னா என் கடைக்கு அடுத்த நாளே பூட்டு" என்றார்.

"என் மருந்துல தப்பினா பூட்டுறதுக்கு முகமே இருக்காது" என்றேன்.

என் பழைய தராசின் கத்திமுனை தேய்ந்துபோனதால்தான் உங்களிடம் வாங்கினேன். இப்போது என்னிடம் எதுவுமே இல்லை. கரண்டியால் அள்ளிக் கொட்டுகிற ஆள் நான் இல்லை. வேட்டைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கல்லை உங்கள் பட்டறைக்கு வெளியே இருக்கிற ஏதாவது ஒரு தராசில் போட்டுப் பாருங்கள்.

ஆர்விட்


சேஜ் ஃபெர்ரி
17 அக்டோபர் 1959

மதிப்புக்குரிய திரு. ஸ்டாங்லண்ட்,

இன்று காலை நான் கொடுத்த தந்தி உங்களுக்குக் கிடைத்திருக்கும். அதில் சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன்.

உங்கள் பார்சல் பத்தாம் தேதியே வந்துவிட்டது. மேலே உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அலமாரியின் மேல் தூக்கி வைத்தேன். இன்னும் எத்தனை எழுத்துப் பிழையோ, அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு வாரம் விட்டுவிட்டேன். நேற்று அந்த இடம் வேறு பெட்டிக்குத் தேவைப்பட்டது. அதனால்தான் பிரித்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

கல்லைப் பக்கத்து ஊர்க் கல்லூரியின் ரசாயனக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஐம்பத்திரண்டு. பட்டறைத் தட்டில் அனுப்பக் காத்திருந்த ஆறு கற்களை வாரிக்கொண்டு திரும்பவும் ஓடினேன். ஆறும் ஐம்பத்திரண்டு.

என்ன நடந்தது என்று இப்போது புரிகிறது. மார்ச்சில், மற்ற கற்களை ஒப்பிட்டு நிறுக்கும் எங்கள் மூலக்கல் மேசையிலிருந்து விழுந்து விளிம்பு உடைந்தது. புதியது வரும்வரை ஒரு கல் வேண்டுமே என்று, அன்டோன் புதிதாகக் கடைந்த தட்டிலிருந்து முதல் கல்லை எடுத்து மூலக்கல்லாக வைத்துக்கொண்டேன்; புதியது இன்னும் வரவில்லை. அந்த முறை வந்த பித்தளைக் கம்பி ஒரு மயிரிழை தடிப்பு. எல்லாக் கல்லும் ஒரே மாதிரி கூடுதல். கூடுதல் கல்லைக் கூடுதல் கல்லோடு ஒப்பிட்டு, சரி, சரி என்று தொண்ணூற்றுநான்கு முறை டிக் போட்டிருக்கிறேன். அன்டோனைக் குறை சொல்ல முடியாது. நிறுத்தது நான்.

எண்பத்து மூன்று செட் தபாலில் போனது. முகவரிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் தந்தி போய்க்கொண்டிருக்கிறது. பதினொன்று உங்கள் ஊர் ஹார்டுவேர் கடைக்கு மொத்தமாகப் போனது. யார் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. நாளை வேட்டை திறக்கிறது.

உங்களிடம் எதையும் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் தந்தியில் கேட்டதையே மறுபடியும் கேட்கிறேன். அந்தப் பதினொரு பேரையும் தேட முடியுமா?

கிராசியானா உர்கிடி


வில்லோ கேப்
26 அக்டோபர் 1959

உர்கிடி அம்மையாருக்கு,

இதை எழுதும்போது எனக்குள் இருப்பது கோபமா களைப்பா தெரியவில்லை.

கடைக்காரர் வேட்டைக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள்தான் ஆளைப் பிடித்தேன். வாங்கியவர்களில் பத்துப் பேரை அவருக்குத் தெரியும். வேலை முடிந்து தினமும் போய் ஐந்து நாளில் பத்துக் கல்லையும் வாங்கிவிட்டேன். இரண்டு பேர் பெட்டியையே பிரிக்கவில்லை. ஒருவர் மீன் தூண்டிலுக்குக் கல்லாகக் கட்டியிருந்தார். பதினோராவது ஆள் டெல்பர்ட் க்ரூம் என்று அந்தப் பத்துப் பேரில் ஒருவர் சொன்னார். ஹேமர் ஓடைக்கு மேலே குடில் போட்டிருக்கிறான் என்றார்கள். சனிக்கிழமை காலை, பீஸ்லியின் தராசைக் கெஞ்சி வாங்கி, போர்வையில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டு பனியில் ஏறினேன்.

காபி போட்டுக்கொண்டிருந்தான்.

"டெல்பர்ட் நீதானா?"

"கேக்குறது யாரு?"

"ஆர்விட், ரோடு டிபார்ட்மெண்ட். உன் தராசோட வந்த கல்லு தப்பு. அதை வெச்சு ரொப்புன தோட்டா ஒண்ணையும் சுடாத."

"கம்பெனி அனுப்புன ஆளா?"

"அந்தக் கம்பெனிக்கு என்னைக் கண்டாலே ஆகாது."

"அப்புறம் உனக்கு என்ன வந்துச்சு? காபி குடிச்சிட்டு இறங்கு."

"சுட்டதும் துப்பாக்கியோட போல்ட்டு திறக்காம இறுகுதா?" என்றேன்.

அவன் கை நின்றது. "குளிர்ல எண்ணெய் கெட்டியாயிருச்சு. விறகுக்கட்டையால ரெண்டு தட்டு தட்டினா திறந்துரும்."

அவன் சுட்ட கூடு ஒன்று தரையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பின்னால் கேப்பு சப்பையாக நசுங்கி, விளிம்பில் புகை படிந்திருந்தது. துப்பாக்கி அதற்குத் தெரிந்த பாஷையில் மூன்று முறை சொல்லியிருக்கிறது. இவன் விறகுக்கட்டையால் பதில் சொல்லியிருக்கிறான்.

"எந்த அளவுல ஆரம்பிச்ச?"

"புத்தகத்துல உச்சத்துல இருக்குறதுல. கீழ இருந்து ஒவ்வொண்ணா ஏறி வர எனக்கு எங்க நேரம்?"

"ஒரே ஒரு தோட்டா குடு. பிரிச்சுக் காட்டுறேன். நான் சொல்றது பொய்னா என்னை ஓடையில தள்ளு."

என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குண்டு பிடுங்கும் சுத்தியலில் தோட்டாவைப் பொருத்தி, தட்டிப் பிரித்தேன். மருந்தை பீஸ்லியின் தட்டில் கொட்டினேன். டெல்பர்ட் தன் நோட்டில் தானே எழுதியிருந்த அளவைப் பார்த்தான், முள்ளைப் பார்த்தான். சரியாக இரண்டு கூட. உச்சத்துக்கு மேல் இரண்டு.

நோட்டை மூடினான். அப்புறம், "என் மச்சான் ஓரின் இதுல பத்து எடுத்துட்டுக் காலையிலேயே மேல போயிட்டான்" என்றான்.

அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினோம். பாதி ஏற்றத்தில் சத்தம் கேட்டது. துப்பாக்கிச் சத்தம் மலையில் உருண்டு உருண்டு போகும். இது உருளவில்லை. பக்கத்தில் கதவை அறைந்த மாதிரி ஒன்றே ஒன்று.

ஓரின் ஒரு பைன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். துப்பாக்கியின் கட்டை இரண்டாகப் பிளந்து பனியில் கிடந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தான். விரலிடுக்கில் ரத்தம். "டெல்பர்ட், என் தொப்பி எங்கயோ விழுந்துருச்சு, பாரேன்" என்றான். தொப்பி அவன் தலையில்தான் இருந்தது.

ஓரின் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. மிசூலாவில் மருத்துவமனையில் இருக்கிறான். இடது கண் பிழைத்தது. வலது கண்ணில் வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மர ஆலையில் பலகைகளைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பது அவன் வேலை.

நான் செப்டம்பர் 9 எழுதினேன். அன்றைக்கே ஒரு கல்லை ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போக உங்களுக்கு அரை மணி நேரம் ஆகியிருக்குமா?

ஆர்விட் ஸ்டாங்லண்ட்


சேஜ் ஃபெர்ரி
4 நவம்பர் 1959

திரு. ஸ்டாங்லண்ட்,

ஆகியிருக்காது. போக வர இருபது நிமிஷம்.

மிசூலாவுக்குப் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினேன். வக்கீல், போகாதே, போனால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்றார். ஒப்புக்கொள்ளத்தான் போகிறேன் என்று பஸ் ஏறினேன்.

ஓரின் ஜன்னல் பக்கம் படுத்திருந்தார். அவர் அக்கா, டெல்பர்ட்டின் மனைவி, பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்தார். யார் நீங்கள் என்று அந்த அக்கா கேட்டார்.

"அந்தக் கல்லை அனுப்பினவ நான்தான்" என்றேன்.

அவர் அக்கா ஊசியைக் கீழே வைத்தார். ஓரின்தான் பேசினார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். தப்புன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அக்டோபர் பதினாறு."

"அதுக்கு முன்னால யாரும் சொல்லலையா?"

அங்கே ஒரு பொய் சொல்ல இடம் இருந்தது. வக்கீலைக் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார். "ஒருத்தர் செப்டம்பர்லயே எழுதினாரு. மூணு தடவை எழுதினாரு. நான் நம்பல" என்றேன்.

"ஏன்?"

"ஒன்பது வருஷமா நான்தானே நிறுத்துப் பாக்குறேன்னு நெனச்சேன்."

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் அக்கா எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். வெளியே வந்துவிட்டேன்.

வைத்தியச் செலவும் ஓரின் வேலைக்குத் திரும்பும்வரை சம்பளமும் பட்டறை பார்த்துக்கொள்ளும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் தராசைப் புதுக் கல்லோடு அனுப்பத் தாமதமாகிறது. இனி ஒரு கல்லும் கல்லூரிக் கூடத்துச் சீட்டு இல்லாமல் வெளியே போகாது. அவர்கள் வாரம் ஒருநாள்தான் எங்களுக்கு நிறுத்துத் தருகிறார்கள். மன்னியுங்கள். மன்னிக்க வேண்டாம் என்றாலும் சரி.

கிராசியானா


வில்லோ கேப்
23 நவம்பர் 1959

கிராசியானா அம்மாவுக்கு,

தராசு வெள்ளிக்கிழமை வந்தது. கல்லை பீஸ்லியிடம் கொண்டுபோய் நிறுத்தேன். ஐம்பது. வேட்டை நேற்றோடு முடிந்தது. இந்த வருடம் நான் ஒரு தோட்டாகூட நிரப்பவில்லை. குளிர்காலத்துக்கு அவரைக்கொட்டைதான்.

டெல்பர்ட் மீதித் தோட்டாக்களைப் பிரிக்க என் வீட்டுக்கு வந்தான். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா, இரண்டு பேர் முகத்திலும் கண்ணாடி. முப்பத்தாறு தோட்டாவும் பிரிந்ததும், "நீ ஒருநாள் முன்னாடி வந்திருந்தா" என்றான். ஒருநாள் முன்னாடி நான் தூண்டில்காரரோடு கல்லுக்காக வாதாடிக்கொண்டிருந்தேன்.

உங்கள்மேல் இருக்கிற கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் போன வாரம் வெர்லாவிடம் உங்களை ஒரு மூச்சு திட்டிக்கொண்டிருந்தபோது அவள், "நீ எழுதின முதல் கடுதாசியோட நகல் இருக்கா? எடு" என்றாள். நான் எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்கிறவன். எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"கல்லு தப்புன்னு எங்க எழுதியிருக்க?"

"அதோ, ரெண்டாவது பத்தியில."

"வைக்கோலுக்கும் கீலுக்கும் உருளைக்கிழங்குக்கும் அப்புறமா. 'இன்னொன்று'ன்னு." காகிதத்தை மேசையில் வைத்தாள். "முதல் வரியில கல்லு தப்புன்னு மட்டும் எழுதியிருந்தா அந்தம்மா அன்னைக்கே பாத்திருப்பா. நீ அவளை ஜெயிக்கணும்னு எழுதின, ஆர்விட்."

இரண்டு நாள் அந்த நகலைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு மனிதனுடைய கண், என்னுடைய கிண்டல், உங்களுடைய வீம்பு. எதை எந்தத் தட்டில் வைப்பது என்று நிறுக்க எந்தத் தராசும் இல்லை. ஆகவே இதை இப்படியே எழுதி அனுப்புகிறேன்.

மிசூலாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஓரின் என்னோடு பேசினான். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், "அந்தப் பொம்பளை பொய் சொல்லல" என்றான். நல்லதாகச் சொன்னானா கெட்டதாகச் சொன்னானா என்று எனக்குப் புரியவில்லை. சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

தொண்ணூற்றுநான்கில் எத்தனை திரும்பி வந்தன?

ஆர்விட்


சேஜ் ஃபெர்ரி
1 டிசம்பர் 1959

ஆர்விட் அவர்களுக்கு,

தொண்ணூற்றுமூன்று.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வெர்லா அம்மா சொன்னது எனக்கு ஆறுதல் தந்தது. தந்ததற்காக வெட்கப்பட்டேன். முதல் வரியில் எழுதியிருந்தாலும் நான் பார்த்திருப்பேனா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பாரத்தை நீங்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டாம்.

மிச்சம் இருக்கிற ஒன்று வயோமிங்கில் ஓர் ஆட்டுப்பண்ணைக்குப் போனது. பெயர் லாஃப்டஸ். தந்தி போய்ச் சேரவில்லை. இரண்டு கடிதங்கள் 'இடம் மாறிவிட்டார்' என்று திரும்பிவந்தன. எங்கே மாறினார் என்று தபால்காரருக்குத் தெரியவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்ததாகப் பழைய முதலாளி சொல்கிறார். அந்தப் பண்ணைக்குத் தொலைபேசி இல்லை.

அன்டோன் ரொம்ப நேரம் சண்டை போட்டான். "வேட்டையே முடிஞ்சுபோச்சு அக்கா. அந்தாளு பெட்டியைப் பரண்ல போட்டிருப்பான். பனியில எங்கன்னு போய்த் தேடுவ?" என்றான்.

அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். பெட்டி பரணில் இருக்கலாம். போய், என் கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் நம்புகிறேன்.

வயோமிங்குக்கு ஏழரை மணி பஸ். இதை பஸ் நிலையத்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஏறுகிறேன்.

கிராசியானா